எந்த மாதத்துக் கூலி?

அண்ணனும் அண்ணியும் பிரிவதென்று முடிவானபோது வீட்டைப் பற்றியோ மகளைப் பற்றியோ பெரிய வாதம் எதுவும் எழவில்லை. மகள் அண்ணியோடு இருப்பாள் என்பதும், குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிடுவது என்பதும் இரண்டே அமர்வுகளில் முடிந்துவிட்டன. பேச்சு நின்றுபோனது ஒரே ஒரு தாளில்தான். தொழிற்சாலையில் பவர் பிரஸ் இறங்கி அண்ணனின் வலது கை மணிக்கட்டோடு போன பிறகு, ஏறக்குறைய இரண்டாண்டு இழுபறிக்குப்பின் நிறுவனத்தின் காப்பீட்டுத் தரப்பு கையெழுத்திட்டுக் கொடுத்த சமரச ஒப்பந்தம் அது. அதில் ஒரு தொகை இருந்தது. அதற்குக் கீழே, இந்த விபத்திலிருந்து எழும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் இது முழுமையான, இறுதியான தீர்வு என்று ஒரு வாக்கியம் இருந்தது. எந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு என்று எங்கும் பிரித்து எழுதப்படவில்லை.

அந்தத் தாளை அவர்கள் இருவரையும்விட நான்தான் அதிகமுறை படித்திருப்பேன். குடும்பத்தின் காகிதங்களையெல்லாம் கோப்பில் அடுக்கி வைப்பவள் என்பதாலும், இருவரும் இன்னும் நம்பிப் பேசக்கூடிய ஒரே ஆள் என்பதாலும், கணக்கைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. அப்போது எனக்கிருந்த கருத்தை மறைக்க வேண்டியதில்லை. கையை இழந்தவர் அண்ணன், ஆகவே பணமும் அண்ணனுடையது என்றுதான் நினைத்தேன். அண்ணனும் அதையே வேறு சொற்களில் சொன்னார். "பணத்துல பாதின்னா, போன கையிலயும் பாதின்னுதானே அர்த்தம்?" என்று கேட்டபோது அங்கிருந்த ஒருவருக்கும் வாய் திறக்கத் தோன்றவில்லை. சற்று நேரம் கழித்து அண்ணி மட்டும் சொன்னார்: "கை உங்களுடையதுதான். அந்த மூணு வருஷம் நம்ம ரெண்டு பேருடையது."

அந்த இரண்டாவது வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அதற்காக நான் படித்தவற்றையும், படித்தபின் என் கருத்து எங்கே மாறியது என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. இதை யாரும் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் இதே நிலையில் இருப்பவர்கள் வழக்கறிஞரிடம் என்ன கேட்பது என்றாவது தெரிந்துகொண்டு போகலாம்.

முதலில் அந்தப் பணம் என்ன வகைப் பணம் என்பதைப் பார்க்க வேண்டும். சாலையில் போகும்போது யாரோ வண்டியால் மோதிவிட்டால், அவருடைய தவறை நிரூபித்து நட்டஈடு கேட்கிறோம். அங்கே மருத்துவச் செலவும் வருமான இழப்பும் மட்டுமன்றி, உடல் வலிக்கும் மன வேதனைக்கும் தனித் தொகை உண்டு. பணியிட விபத்துக்கான இழப்பீடு வேறொரு பரம்பரையில் வந்தது. 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனியில் இயற்றப்பட்ட விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், 1897-இல் பிரிட்டன் இயற்றிய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் தொடங்கிவைத்த அந்த மரபில், முதலாளியின் தவறைத் தொழிலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையில் இருக்கும்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்று காட்டினால் போதும். இதற்கு ஈடாக அமெரிக்க மாநிலங்கள் போன்ற பல இடங்களில், முதலாளிமீது தனியாக வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தொழிலாளி பெரும்பாலும் இழக்கிறார். தொகையும் அட்டவணைக்குள் அடங்கிவிடுகிறது. மருத்துவச் செலவு, இழந்த கூலியின் ஒரு பங்கு, உறுப்பு இழப்புக்கான விழுக்காடு என்ற மூன்றோடு கணக்கு பெரும்பாலும் முடிந்துவிடும். வலிக்கென்று அதில் ஒரு வரி கிடையாது.

விவாகரத்தைப் பற்றிய கட்டுரையில் இந்தப் பழைய வரலாறு எதற்கு என்று தோன்றலாம். சண்டையின் வேர் இங்கேதான் இருக்கிறது. வலிக்கான பணம் என்றால் அது வலித்தவருக்கு என்பதில் பெரிதாக யாரும் முரண்பட மாட்டார்கள். கூலிக்கான பணம் என்றாலோ, திருமண வாழ்வின்போது வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய கூலி யாருடையது என்ற கேள்வி உடனே முளைத்துவிடுகிறது. விபத்து நடக்காமல் இருந்திருந்தால் அந்த மாதங்களின் சம்பளம் சமையலறைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போயிருக்கும், மிஞ்சியது சேமிப்பாகியிருக்கும். அந்தச் சேமிப்பைப் பங்கிடும்போது அது உன் உடலால் ஈட்டியது என்று எந்த நீதிமன்றமும் சொல்லாது. அப்படியானால் அந்தச் சம்பளத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்த இழப்பீட்டுக்கு மட்டும் வேறு நியாயம் எப்படி இருக்க முடியும்?

குழப்பத்தைக் கூட்டுவது அட்டவணைதான். இந்தியாவில் 1923-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 விழுக்காடு என்று வரிசையாக எண்களை வைத்திருந்தது. மேலோட்டமாகப் படித்தால் அது உடலுக்கு விலை போட்ட பட்டியல் போலத்தான் தெரியும். ஆனால் பத்தியின் தலைப்பைப் பார்த்தால் அந்த விழுக்காடு ஈட்டும் திறனில் ஏற்பட்ட இழப்பைக் குறிக்கிறது. விரலைச் சுட்டிக் காட்டிக் கூலியை அளக்கிறது சட்டம். அண்ணன் விரலைப் பார்த்தார், அண்ணி கூலியைப் பார்த்தார். அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் இருப்பதால் இருவரையும் தவறென்று சொல்ல முடியவில்லை.

திருமணச் சொத்தைப் பங்கிடும் வழக்கம் உள்ள நாடுகளில் நீதிமன்றங்கள் இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கின்றன. அமெரிக்க மாநிலங்களில் இவை தெளிவாகப் பிரிந்து தெரிகின்றன. ஒரு வழி, பணம் எந்த இழப்பை நிரப்ப வந்தது என்று கேட்டு அதைக் கூறுகூறாகப் பிரிப்பது. திருமண வாழ்வின்போது இழந்த கூலிக்கும், குடும்பப் பணத்திலிருந்து செலவழித்த மருத்துவக் கட்டணத்துக்கும் ஈடான பகுதி இருவருக்கும் பொது. வலிக்கும் ஊனத்துக்கும் ஈடான பகுதியும், பிரிவுக்குப் பிந்தைய ஆண்டுகளின் கூலிக்கு ஈடான பகுதியும் காயம் பட்டவருக்கே உரியவை. வட கரோலினாவின் உச்ச நீதிமன்றம் 1986-இலும் ஃபுளோரிடாவின் உச்ச நீதிமன்றம் 1989-இலும் காயத்துக்கான இழப்பீட்டு வழக்குகளில் இந்தப் பகுப்பு முறையை ஏற்றுக்கொண்டன. மற்றொரு வழியில் பணத்தின் நோக்கத்தைப் பற்றிய பேச்சே இல்லை. திருமணக் காலத்தில் கிடைத்த சொத்து எல்லாம் திருமணச் சொத்து, விலக்குப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பங்குக்கு வந்துவிடும். பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம் 1999-இல், தவணையாக வரவேண்டிய தொழிலாளர் இழப்பீட்டை ஒரே தொகையாக மாற்றி வாங்கிய ஒருவரின் வழக்கில், உரிமை பிறந்தது திருமணக் காலத்தில் என்பதால் முழுத் தொகையும் திருமணச் சொத்தே என்று தீர்ப்பளித்தது. எதிர்காலக் கூலிக்கு ஈடாக வந்த பகுதியும் அதில் சேர்ந்துவிட்டது.

இந்த இரண்டாவது வழியைச் சட்ட நூல்கள் இயந்திர முறை என்று அழைக்கின்றன. இயந்திரத்தில் கையை விட்டவருக்கு மறுபடியும் ஓர் இயந்திரமா என்று முதலில் படித்தபோது எரிச்சலாக இருந்தது. ஆனால் அதற்கும் ஒரு நியாயம் உண்டு. பங்கிடுவது என்றால் எல்லா இடத்திலும் சரிபாதி என்று பொருளல்ல. பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில், சொத்து எது என்று வரையறுப்பது ஒரு படி, அதை யாருக்கு எவ்வளவு என்று நியாயப்படி பிரிப்பது அடுத்த படி. காயம் பட்டவரின் உடல்நிலையையும் அவர் இனி எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பதையும் நீதிபதி இரண்டாவது படியில் பார்த்துக்கொள்ளலாம். வரையறையில் கதவைத் திறந்து வைத்துவிட்டு அளவில் கருணை காட்டுவது ஒரு முறை, வரையறையிலேயே கதவை அடைப்பது இன்னொரு முறை என்று கொள்ளலாம். ஆனால் அளவில் கருணை காட்டுவது தனி நீதிபதியின் மனத்தைப் பொறுத்தது என்பதால், நான் என்னவோ பகுப்பு முறையின் பக்கம்தான் நிற்கிறேன்.

சில இடங்களில் சட்டமன்றங்களே விடையை எழுதிவிட்டன. நியூயார்க்கின் குடும்பச் சட்டம், உடற்காயத்துக்கான இழப்பீட்டைத் தனிச் சொத்து என்று நேராகவே பட்டியலிட்டிருக்கிறது. டெக்சாஸ் குடும்பச் சட்டத் தொகுப்பு, எனக்குத் தெரிந்தவரை, பணியிட இழப்பீட்டை மிகத் துல்லியமாகத் தொட்டிருக்கும் விதிகளில் ஒன்று. தொழிலாளர் இழப்பீட்டுத் தொகை, காயம் பட்டவர் திருமண உறவில் இருக்கும் காலத்தில் இழந்த கூலிக்கு ஈடாகும் அளவுக்கு இருவருக்கும் பொது, திருமண உறவு இல்லாத காலத்தின் கூலிக்கு ஈடாகும் அளவுக்கு அவருடைய தனிச் சொத்து என்று அது சொல்கிறது. அண்ணி அன்று சொன்ன வாக்கியத்தைச் சட்ட மொழியில் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். பணம் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்பது அங்கே பெரிதல்ல. எந்த மாதத்துக் கூலியின் இடத்தில் அது நிற்கிறது என்பதுதான் கேள்வி.

உடற்காய நட்டஈட்டைப் பற்றிய கலிபோர்னியாவின் விதி வேறு விதமாகப் போகிறது. திருமணக் காலத்தில் எழுந்த காயத்துக்கான நட்டஈட்டைப் பொதுச் சொத்து என்று பெயரளவில் ஏற்றுக்கொண்டு, பிரிவின்போது அதைக் காயம் பட்டவருக்கே ஒதுக்க வேண்டும் என்கிறது. இரு தரப்பின் பொருளாதார நிலையையும் பணம் கிடைத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் பார்த்து, நியாயம் வேறு விதமாகக் கேட்டால் மாற்றிக்கொள்ளலாம். அப்போதும் பாதிக்குக் குறையாமல் காயம் பட்டவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆனால் அந்தப் பணம் குடும்பத்தின் மற்றப் பொதுப் பணத்தோடு கலந்துவிட்டால் இந்தச் சலுகை போய்விடும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உடற்காய நட்டஈடு பங்கீட்டுக் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. அந்தப் பணத்தில் வாங்கிய வேறு சொத்துக்கும் விலக்கு தொடரும், குடும்பம் வாழும் வீட்டில் போட்டுவிட்டால் மட்டும் தொடராது. பணியிட விபத்துக்காக மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தைப் பற்றி அதே மாகாணத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல், அது பங்கிடத்தக்க சொத்து அல்ல, வருமானம் போன்றது என்று முடிவு செய்தது.

இங்கிலாந்தில் இத்தகைய வகைப்பாடுகளுக்கு அவ்வளவு இடமில்லை. காயம் பட்டவரின் நட்டஈடும் அவரிடம் உள்ள நிதி ஆதாரங்களில் ஒன்று, அதைத் தொடவே கூடாத புனிதப் பொருளாகக் கருத முடியாது, அதே சமயம் அது எதற்காகக் கொடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடவும் கூடாது என்பது வாக்ஸ்டாஃப் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் எடுத்த நிலை. 2011-இல் வந்த மான்ஸ்ஃபீல்டு வழக்கு இதைவிடக் கடினமானது. திருமணத்துக்கு முன்பே நடந்த விபத்துக்காக, திருமணத்துக்கு முன்பே வாங்கிய ஐந்து லட்சம் பவுண்டுதான் கணவரின் செல்வத்துக்கு அடிப்படை. கீழமை நீதிமன்றம் அதிலிருந்து, இரட்டைக் குழந்தைகளை வளர்க்கும் மனைவிக்கு வீடு வாங்குவதற்காக 2,85,000 பவுண்டு ஒதுக்கியிருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையைக் குறைக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து அந்தத் தேவை தீர்ந்தபின் மூன்றில் ஒரு பங்கு கணவருக்குத் திரும்ப வேண்டும் என்று மட்டும் மாற்றியது. திரும்பி வரும் பங்கு என்ற இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குழந்தைக்குக் கூரை இன்று தேவை. காயம் பட்டவருக்கு முதுமையில் உதவியாளர் தேவைப்படுவது பிந்தைய ஆண்டுகளில். ஒரே பணத்தைக் காலத்தால் பிரித்து இரண்டு தேவைகளுக்கும் கொடுக்க முடியும் என்பது அதற்கு முன் எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தியாவில் கேள்வியின் வடிவமே வேறு. கோவாவைத் தவிர, திருமணக் காலத்தில் சேர்ந்த சொத்தைப் பொதுவாகக் கருதிப் பங்கிடும் சட்டம் அங்கே இல்லை. வழக்கு ஜீவனாம்சத்தின் வழியாகத்தான் இந்தப் பணத்தைத் தொடுகிறது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, இழப்பீட்டுத் தொகையை மற்றவருக்கு எழுதிக் கொடுக்கவோ அடமானம் வைக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது என்று காப்பு வைத்திருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தின் 60-ஆம் பிரிவும் அதன் பயன்களுக்கு இதே போன்ற காப்பை அளித்தது. கடன்காரர்களிடமிருந்து தொழிலாளியைக் காக்க எழுந்த பிரிவுகள் இவை. ஆனால் இந்து திருமணச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்கீழ் நிரந்தர ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கும்போது இரு தரப்பின் வருமானமும் சொத்தும் கணக்கில் எடுக்கப்படுகின்றன. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படி இரு தரப்பும் தங்கள் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக்கு வந்துசேர்ந்த இழப்பீட்டை அதில் சொல்லாமல் விடுவதற்கு வழியில்லை.

பிள்ளைகளுக்கான பராமரிப்பு என்று வரும்போது ஏறக்குறைய எல்லா இடங்களிலும் குரல் மாறிவிடுகிறது. பல மாநிலங்கள் சொத்துப் பங்கீட்டில் இந்தப் பணத்தை வேலிபோட்டுக் காக்கும் அமெரிக்காவிலேயே, கூட்டாட்சிச் சட்டம் பிள்ளைப் பராமரிப்புக்கும் மணத்துணைக்கான பராமரிப்புக்கும் சம்பளத்தில் பிடித்தம் செய்வதைப் பற்றிப் பேசும் இடத்தில் தொழிலாளர் இழப்பீட்டுப் பயன்களையும் வருமானப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கூலியின் இடத்தில் நிற்கும் பணம் கூலியின் கடமைகளையும் சுமக்க வேண்டும் என்ற இந்தத் தர்க்கத்தில் குறை காண எனக்கு எதுவும் இல்லை, அண்ணனுக்கும் இருக்கவில்லை. மகளின் படிப்புச் செலவைப் பற்றி அவர் ஒரு முறைகூட மறுத்துப் பேசவில்லை.

ஆனால் ஒரே பணத்தை இருமுறை எண்ணிவிடும் ஆபத்து இங்கே உண்டு. எதிர்காலக் கூலிக்கு ஈடான தொகையை முதலில் சொத்தாக எண்ணிப் பாதியைக் கொடுத்துவிட்டு, பிறகு அதே கூலி மாதந்தோறும் வருவதாக எண்ணி ஜீவனாம்சமும் கணக்கிட்டால், காயம் பட்டவர் இரண்டு முறை கொடுக்கிறார். மொத்தத் தொகையாக வாங்கியவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. தவணை வாங்குபவரின் பணத்தில் காலம் தானாகவே எழுதியிருக்கும், இந்த மாதம் வந்தது இந்த மாதத்துக்கு. மொத்தமாக வாங்கும்போது பத்தொன்பது ஆண்டுகள் ஒரே நாளில் வங்கிக் கணக்கில் வந்து இறங்கிவிடுகின்றன. பார்ப்பவர்களுக்கு அது செல்வமாகத் தெரிகிறது.

அண்ணியின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விபத்துக்குப் பிந்தைய முதல் பதினான்கு மாதங்களுக்கு அவர் ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வந்திருக்கிறார். கட்டு மாற்றியது, மருந்து வாங்கியது, எந்த மருத்துவரை எப்போது பார்த்தது, இரவில் இல்லாத கை வலிக்கிறது என்று அண்ணன் எழுந்து உட்கார்ந்தது, அதற்கு மறுநாள் தன் வேலையிடத்தில் எத்தனை மணி நேரம் அனுமதி கேட்டது எல்லாம் அதில் இருந்தன. அதை அவர் சாட்சியத்துக்காக எழுதியதாகத் தெரியவில்லை. காப்பீட்டுத் தரப்பு பணம் கொடுக்கும்வரை மருத்துவமனையில் கட்டிய தொகைகளுக்கு ரசீதுகளும் அதன் பக்கங்களுக்கிடையே செருகப்பட்டிருந்தன. சேமிப்பு தீர்ந்தபின் அவருடைய சம்பளத்திலிருந்தே கட்டியிருக்கிறார். என் கருத்து மாறத் தொடங்கியது அந்த ரசீதுகளைத் தேதிப்படி அடுக்கியபோதுதான்.

சட்டம் இந்த நோட்டை எங்கே வைக்கும் என்று தேடினேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், மூன்றாம் ஆளின் தவறால் ஒருவர் காயம் பட்டால், அவருடைய மணத்துணை தன் இல்லற வாழ்வுக்கு நேர்ந்த இழப்புக்காகத் தன் பெயரிலேயே தனியாக நட்டஈடு கேட்க முடியும். பணியிட விபத்தில், முதலாளிமேல் வேறு வழக்கு கிடையாது என்ற பழைய உடன்படிக்கை மணத்துணையின் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. அந்த உடன்படிக்கையில் தொழிலாளி வழக்கை விட்டுக்கொடுத்து உறுதியான இழப்பீட்டை வாங்கினார். அவருடைய மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்து என்ன வாங்கினார் என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அவருடைய இழப்புக்கென்று எந்த அட்டவணையிலும் வரி இல்லாததால், அது கணவரின் தொகைக்குள் ஒளிந்துகொண்டே வீட்டுக்குள் வருகிறது. பிறகு பிரிவின்போது, அந்தத் தொகை முழுவதும் கணவரின் உடலுக்கானது என்று சொல்லி மனைவியை வெளியே அனுப்புகிறோம். இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணியையும் தனியாகப் பார்த்தால் அநியாயமாகத் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரும் சங்கடமாக இருக்கிறது.

அண்ணனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மொத்தத் தொகைக்கு அவர் ஒப்புக்கொண்டது குடும்பத்தின் கடன் நெருக்கடியால்தான். தவணையே வாங்கிக்கொண்டிருந்தால் பிரிவுக்குப் பின் வரும் தவணைகள் யாருடைய கேள்வியுமின்றி அவருடையவையாக இருந்திருக்கும். குடும்பத்துக்காக எடுத்த ஒரு முடிவே பிரிவின்போது அவருக்கு எதிராகத் திரும்பி நின்றது. இதை நன்றாகத் தெரிந்தவர்கள், விவாகரத்து முடியும்வரை சமரசத்தில் கையெழுத்திடாமல் காலம் கடத்துவதும் உண்டு. பல நீதிமன்றங்கள் பணம் வந்த தேதியை விட்டுக் காயம் நேர்ந்த தேதியைப் பார்ப்பதால் அந்தத் தந்திரம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. நிலுவையிலுள்ள கோரிக்கையை மறைத்தால் பின்னால் தீர்ப்பையே மறுபடி திறக்கும் நிலையும் வரலாம்.

எங்களுக்கு வாய்த்த மத்தியஸ்தர் பொறுமைசாலி. ஒப்பந்தத்தில் பிரித்து எழுதாததை இப்போது நீங்கள் இருவரும் சேர்ந்து பிரியுங்கள் என்றார். எதிரெதிரே உட்கார்ந்திருந்தவர்களைச் சற்று நேரம் ஒரே பக்கம் உட்கார வைத்தது அந்த வேலைதான். காப்பீட்டுத் தரப்போடு நடந்த கடிதப் போக்குவரத்தைக் கோப்பிலிருந்து எடுத்தோம். சமரசத் தொகைக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைக் காட்டும் ஒரு கணக்குத் தாள் அதில் இருந்தது. அது இறுதி ஒப்பந்தத்தில் சேர்க்கப்படவில்லை, ஆனாலும் அதில் மூன்று கூறுகள் இருந்தன. கடந்த மருத்துவச் செலவு, எதிர்கால மருத்துவச் செலவும் செயற்கைக் கையும், கூலி இழப்பு. இப்படி ஒரு தாள் கோப்பில் கிடப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றுதான் தெரிந்தது. சமரசத்தில் கையெழுத்திடும் நாளில் எது எதற்கு எவ்வளவு என்று ஒரு வரி கேட்டு வாங்கியிருந்தால் இத்தனை மாதச் சண்டையில் பாதி மிச்சமாகியிருக்கும். பிரித்துக் காட்ட முடியாத பணத்தைத் தனக்கு மட்டும் உரியது என்று சொல்பவரின் தலையில்தான் அதை நிரூபிக்கும் சுமை பெரும்பாலும் விழுகிறது.

கடந்த மருத்துவச் செலவு எளிதாகத் தீர்ந்தது. ரசீதுகளின்படி குடும்பச் சேமிப்பிலிருந்து போனது பொதுவாகவும், அண்ணியின் சம்பளத்திலிருந்து போனது அவருக்கே திரும்புவதாகவும் முடிவாயிற்று. பின்னதைச் சட்டப்படி அவர் முழுதாகக் கேட்டிருக்க முடியுமா என்பதில் மத்தியஸ்தருக்கே சந்தேகம் இருந்தது, ஏனென்றால் பல சட்டங்களில் திருமணக் காலத்துச் சம்பளம் யாருடையதானாலும் பொதுப் பணமே. அண்ணன்தான், அது அவளுக்கே போகட்டும் என்றார். எதிர்கால மருத்துவச் செலவு அண்ணனுக்கு என்பதில் பேச்சே எழவில்லை.

கூலி இழப்புக்கு நான் ஒரு தாளில் போட்ட கணக்கு இது. விபத்தின்போது அண்ணனுக்கு 41 வயது. காப்பீட்டுத் தரப்பின் தாளில் 60 வயதுவரை கூலி கணக்கிடப்பட்டிருந்தது. அதாவது 19 ஆண்டுகள், 228 மாதங்கள். விபத்து நாளிலிருந்து இருவரும் பிரிந்து வாழத் தொடங்கிய நாள்வரை 38 மாதங்கள். 228-இல் 38 என்பது சரியாக ஆறில் ஒரு பங்கு. அந்த ஆறில் ஒரு பங்கு இருவரும் சேர்ந்து வாழ்ந்த மாதங்களின் கூலிக்கு ஈடு, ஆகவே பொது. அதில் பாதி, அதாவது கூலிக் கூறில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அண்ணிக்கு. மீதி ஆறில் ஐந்து பங்கு அண்ணனின் வரப்போகும் மாதங்களுக்கு உரியது. மகளின் பராமரிப்பை நிர்ணயிக்கும்போது அந்த ஐந்து பங்கையும் மாத வருமானமாகப் பரப்பி எண்ணினோம். பங்கீட்டில் சொத்தாக அதை எண்ணவில்லை என்பதால் இருமுறை எண்ணும் சிக்கலும் வரவில்லை.

இந்தக் கணக்கில் ஓட்டைகள் உண்டு. இன்றைய பணத்தையும் பத்தொன்பதாம் ஆண்டின் பணத்தையும் ஒரே மதிப்பில் வைத்துவிட்டேன். விபத்து நடந்தவுடன் முழுக் கூலியும் நின்றுபோன மாதங்களையும், பின்னாளில் அண்ணன் வேறு வேலையில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்த மாதங்களையும் சமமாக எண்ணிவிட்டேன். துல்லியமாகப் போட்டால் முதல் மாதங்களுக்கு அதிக எடை விழும், அண்ணியின் பங்கும் சற்றுக் கூடும். இதை அண்ணியிடம் சொன்னபோது, பரவாயில்லை, மாதக் கணக்கே எல்லாருக்கும் புரிகிறது என்றார். நோட்டுப் புத்தகத்துக்கான இடம் இந்தக் கணக்கிலும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

கலந்துபோன பணம் ஒரு சிறு தொல்லையாக மிஞ்சியது. இழப்பீடு வந்தபோது அது இருவர் பெயரிலும் இருந்த கணக்கில்தான் விழுந்தது. அதிலிருந்து கடன் அடைந்தது, மகளுக்குப் பல்சீரமைப்பு நடந்தது, அண்ணியின் சம்பளமும் அதிலேயே வந்து சேர்ந்துகொண்டிருந்தது. கடுமையான நீதிமன்றம் ஒன்று, கலந்ததெல்லாம் பொது என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அண்ணி அதைச் சொல்லவில்லை. மூன்றாண்டு வங்கி அறிக்கையை எடுத்து, வெளியே போனவை எல்லாம் குடும்பச் செலவு, மிஞ்சியிருப்பது இழப்பீட்டின் மிச்சம் என்று இருவரும் வரிவரியாகக் குறித்தார்கள். அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பிரிவதற்கென்று உட்கார்ந்தவர்கள் அவ்வளவு நேரம் சண்டையில்லாமல் ஒரே மேசையில் இருந்ததை நான் நெடுநாள்களுக்குப் பிறகு பார்த்தேன்.

இறுதி உடன்பாட்டில் அண்ணனின் பகுதி புதிய, தனிக் கணக்கு ஒன்றுக்கு மாற்றப்பட்டது. செயற்கைக் கைக்கான தொகை அதற்குள்ளேயே தனி வைப்பாக வைக்கப்பட்டது. அந்தக் கை வாழ்நாள் முழுதும் ஒன்றே போதும் என்ற பொருளல்ல, தேயும், பழுதாகும், சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்ற வேண்டிவரும். கணக்கு தொடங்கிய அன்று, வேலைச் சம்பளத்தையும் இதிலேயே போடச் சொல்லிவிடலாமா, ஒரே அட்டையாகப் போகுமே என்று அண்ணன் என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி, "வேண்டாம், இதுல வேற எந்தப் பணமும் சேரக் கூடாது" என்றார். அண்ணன் இடது கையால் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். தாள் நகராமல் இருக்க, அண்ணி தன் கைப்பையை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தார்.